ஊருக்கு ஒரு ட்ரஸ்ட் வருதுன்னா... அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

மதுரை, சிவகங்கை பக்கத்து கிராமங்கள்ல ஒரு அறக்கட்டளைக்காக பதினோரு வருஷம் களப்பணியாளரா சுத்துனவன் நான். இப்ப அந்த வேலையில இல்ல. ஆனா போன் மட்டும் நிக்கல, "அண்ணே எங்க ஊருக்கு ஒரு ஃபவுண்டேஷன் வர்றாங்களாம், நம்பலாமா"ன்னு ஒருத்தன், "நாங்களே ட்ரஸ்ட் ஆரம்பிக்கப் போறோம்"னு இன்னொருத்தன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சிடுறேன். என் அனுபவம் கம்மாயும் (எங்க பக்கம் ஏரிக்கு அதான் பேரு) மகளிர் குழுவும்தான், அதனால பதிலும் அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கோங்க.

ட்ரஸ்ட், ஃபவுண்டேஷன், சங்கம், என்ஜிஓ... எல்லாம் ஒண்ணுதானா?

பேச்சு வழக்குல ஒண்ணுதான், காகிதத்துல வேற வேற. ட்ரஸ்ட்னா ஒரு பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியுறது, ரெண்டு பேர் இருந்தாலே போதும். சங்கம்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, அதுக்கு குறைஞ்சது ஏழு பேர் வேணும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும். மூணாவது, கம்பெனி சட்டத்துல 8வது பிரிவுல லாப நோக்கமில்லாத கம்பெனியா பதியுறது. ஃபவுண்டேஷன்ங்கறது வெறும் பேரு, இந்த மூணுல எதுவும் தனக்கு அப்படிப் பேர் வச்சுக்கலாம். அதனால போர்டுல ஃபவுண்டேஷன்னு போட்டிருக்குன்னு மயங்காதீங்க, பதிவு எதுல இருக்குன்னு கேளுங்க.

வந்த உடனே என்ன பண்ணுவாங்க? எப்ப வேலைய ஆரம்பிப்பாங்க?

ஒழுங்கான ஆளா இருந்தா முதல் மூணு நாலு மாசம் உங்க கண்ணுக்கு ஒண்ணுமே பண்ண மாட்டாங்க. டீக்கடையில உக்காருவாங்க, நூறு நாள் வேலை நடந்த எடத்துல போய் ஆத்தாமாரோட பேசிட்டு இருப்பாங்க, கம்மாய்க்கு தண்ணி வர்ற வரத்துக்கால் ஓரமா ரெண்டு பெரியவங்கள கூட்டிக்கிட்டு வெயில்ல நடப்பாங்க. "இவனுக்கு வேற வேலையில்லையா"ன்னு ஊரே பேசும், என்னையும் பேசுனாங்க, ஒரு பாட்டி என்னைய சர்வேக்காரன்னு நினைச்சு வீட்டுக்குப் பட்டா வாங்கித் தரச் சொல்லி ரெண்டு மாசம் வெள்ளரிப்பிஞ்சு குடுத்துச்சு.

அப்புறம் ஒரு நாள் சாவடி முன்னாடி கோலப்பொடி, செங்கப்பொடி, வேப்பங்கொட்டை எல்லாம் வச்சு ஊர் வரைபடம் போட வைப்பாங்க. ஊர்க்காரங்களே தரையில போடுறது. எங்க கிணறு, எங்க ஊரணி, எந்தத் தெருவுக்கு பைப்பு வரல, யாரு வீட்ல விதவை, யாரு வீட்ல மாடு இருக்கு, எல்லாம் அதுல வந்துரும். ஒரு விஷயம் கவனிங்க, வரைபடத்த யார் போடுறாங்களோ அவங்க தெருதான் பெருசா வரும். எங்க ஊர் ஒண்ணுல முதல் தடவை ஆம்பளைங்க போட்ட படத்துல காலனியே, அதாவது ஆதிதிராவிடர் தெருவே, இல்ல. ரெண்டாவது பொம்பளைங்கள தனியா போடச் சொன்னோம், காலனியும் வந்துச்சு, சாராயம் விக்கிற எடமும் வந்துச்சு.

வந்த முதல் வாரமே பேனர் கட்டி தையல் மெஷின் குடுத்து போட்டோ எடுக்குறவங்களும் உண்டு. மெஷின வாங்கிக்கோங்க, வேற எதையும் எதிர்பார்க்காதீங்க.

அறக்கட்டளைன்னா தர்மம்தானே? அப்புறம் எதுக்கு எங்ககிட்ட பங்குத்தொகை கேக்குறாங்க?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், கோவத்தோட வர்ற கேள்வியும் இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஊருக்கு கம்பெனி காசுல ஒரு ஆர்ஓ தண்ணி பிளான்ட் வச்சுக் குடுத்தோம். ஊர்க்காரங்க ஒரு பைசா போடல, நாங்களும் கேக்கல, நல்ல காரியத்துக்கு எதுக்கு கேக்கணும்னு நினைச்சோம். ரிப்பன் வெட்டுனாங்க, சுண்டல் குடுத்தாங்க. எட்டு மாசத்துல மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. சரி பண்ண சில ஆயிரம் ரூபாதான். தினமும் குடத்துக்கு அஞ்சு ரூபா போட்டு தண்ணி பிடிச்ச அதே ஊரு அந்தக் காச சேர்க்கல. கேட்டா, "அது கம்பெனி குடுத்தது, கம்பெனிதான் பாக்கணும்"னாங்க. கம்பெனி அடுத்த ஊருக்குப் போயிருச்சு. நான் கடைசியா பாத்தப்ப அந்த ஷெட்ல யாரோ வைக்கோல் அடுக்கியிருந்தாங்க. அவங்க மேல எனக்கு வருத்தம் கிடையாது, தப்பு எங்க மேலதான், அவங்களுக்கு அதுல ஒரு பாத்தியதைய நாங்க உண்டாக்கல.

அதே வட்டாரத்துல இன்னொரு ஊர்ல ஒரு சின்ன மடை (கம்மாத் தண்ணிய வயலுக்குத் திறந்து விடுற எடம்). செலவுல நாலுல ஒரு பங்கு ஊரு போடணும்னு சொன்னோம். ஏக்கருக்கு இவ்வளவுன்னு வரி போட்டாங்க, காசு இல்லாதவங்க மண்ணு சுமந்தாங்க, ரெண்டு பேரு நெல்லா குடுத்தாங்க. அஞ்சு மாசம் இழுத்துச்சு, ஆபீஸ்ல எனக்கு ஏச்சு. ஆனா சிமெண்டு மூட்டை வந்தப்ப ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மூட்டைய எண்ணுனாரு. கொத்தனார் கலவையில மணல கூட்டிப் போட்டப்ப ஒரு அக்கா சட்டியப் பிடுங்கி வச்சுட்டாங்க. இலவசமா குடுத்த எந்த வேலையிலயும் நான் அதப் பாத்ததில்ல. அந்த மடை இன்னும் நிக்குது.

இது ட்ரஸ்ட்காரங்க கண்டுபிடிச்சதும் இல்ல. நம்ம ஊர்ல குடிமராமத்துன்னு இருந்ததே இதுதான், வீட்டுக்கு ஒரு ஆளு வந்து கம்மாக்கரைய செப்பனிடுறது. வெள்ளைக்காரன் காலத்துல வரியும் நிர்வாகமும் மேல போனதுக்கு அப்புறம்தான் அது கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போச்சு. 2017ல அரசாங்கம் அதே பேர்ல திட்டம் கொண்டு வந்தப்பவும் விவசாயிங்க பங்கு 10 சதவீதம்னு வச்சாங்க. நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு பொதுமக்கள் போடணும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் இருக்குற பகுதின்னா அஞ்சுல ஒரு பங்கு. ஆனா ஒரு ஏமாத்து வேலை நடக்கும், பங்குத்தொகைய கான்ட்ராக்டரே கட்டிட்டு ஊரு கட்டுனதா கணக்கு எழுதிருவாரு. அப்படி நடந்தா இந்தப் பதில்ல நான் சொன்னது ஒண்ணும் நடக்காது, சிமெண்ட எண்ண ஆளு வராது.

கம்மா வேலைன்னா ஜேசிபி வச்சு தூர்வாருறதுதானே, அதுக்கு எதுக்கு ட்ரஸ்ட்டு?

தூர்வாருறது கண்ணுக்குத் தெரியுற வேலை, அதனால எல்லாரும் அதையே பண்றாங்க. தமிழ்நாட்டுல ஏறக்குறைய 39,000 ஏரி, கம்மா இருக்கு, 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு (அந்தத் தண்ணியில பாயுற நெலம்) இருந்தா அரசோட நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஒன்றியக் கம்மா. மதுரை, ராம்நாடு, சிவகங்கை பக்கம் பெரும்பாலும் எதுவும் தனிக் கம்மா கெடையாது, சங்கிலி மாதிரி, மேல் கம்மா நிறைஞ்சு கலுங்கு (மிச்சத் தண்ணி வெளியேறுற எடம்) வழியா மறுகால் போனாத்தான் கீழ் கம்மாய்க்குத் தண்ணி. நடுவுல வரத்துக்கால்ல ஒருத்தன் அரை ஏக்கர் வளைச்சு வேலி போட்டான்னா கீழ இருக்குற நாலு ஊரு காஞ்சு போகும். நீங்க நாலாவது கம்மாய பத்தடி ஆழம் தோண்டி என்ன பிரயோசனம்? தண்ணி வந்தாத்தானே நிக்கும்.

அதனால வேலைய கீழ இருந்து இல்ல, மேல இருந்து பாக்கணும். முதல்ல வரத்துக்கால், அப்புறம் கலுங்கு, மடை, அப்புறம் கரை, கடைசியாத்தான் உள்வாய் (தண்ணி தேங்குற உட்பக்கம்). நெறைய எடத்துல தலைகீழா நடக்குது, ஏன்னா உள்வாய்ல மண்ணு இருக்கு, மண்ணுக்கு விலை இருக்கு.

இதுல மதுரையில இருக்குற தானம் அறக்கட்டளைய சொல்லாம இருக்க முடியாது. 1997 அக்டோபர் 2ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவர் வாசிமலை, அகமதாபாத் ஐஐஎம்ல படிச்சுட்டு கிராமத்துக்கு வந்தவர். அவங்களோட வயலகம்ங்கற அமைப்பு முறைதான் எங்கள மாதிரி சின்ன ட்ரஸ்டுகளுக்கு பாடப் புத்தகம். ஒரு கம்மாய்க்கு ஆயக்கட்டுதாரங்க சேர்ந்து ஒரு சங்கம், ஒரே வரத்துல இருக்குற கம்மாச் சங்கங்க சேர்ந்து அதுக்கு மேல ஒண்ணு. அந்த ரெண்டாவதுதான் முக்கியம். மேல் கம்மாக்காரனும் கீழ் கம்மாக்காரனும் ஒரே பாயில உக்காந்து, எப்ப கலுங்குல பலகை எடுக்குறதுன்னு பேசணும். நான் பாத்த வரைக்கும் தண்ணிச் சண்டையில பாதி, இவங்க ரெண்டு பேரும் முன்னபின்ன பேசிக்கிட்டதே இல்லைங்கறதால வர்றது.

சீமைக்கருவேலம் பத்தியும் கேப்பீங்க. வெட்டுனா போதாது, வேரோட தோண்டணும், அடுத்த ரெண்டு வருஷம் கன்னு முளைக்கிறதப் பிடுங்க ஆள் இருக்கணும், இல்லைன்னா முன்ன விட அடர்த்தியா வரும். ஒரு விஷயம் மறந்துராதீங்க, அத வெட்டி கரி மூட்டம் போட்டுப் பொழைக்கிற குடும்பங்க ராம்நாடு பக்கம் எக்கச்சக்கம். அவங்களோட பேசாம மரத்த ஒழிக்கப் போறேன்னு கெளம்புனா சரியா வராது.

வண்டல் மண்ணு வேணும்னா விவசாயிங்களுக்கும் மண்பாண்டம் செய்றவங்களுக்கும் இலவசமா எடுத்துக்க அனுமதி உண்டு, இப்ப தாசில்தார் அளவுலயே குடுக்குறாங்க. சிட்டா, அடங்கல் வச்சுக்கோங்க. அந்த மண்ணு வயலுக்குப் போகுதா செங்கல் சூளைக்குப் போகுதான்னு கண்காணிக்கறது உங்க பொறுப்பு, ட்ரஸ்ட் ராத்திரி லாரி பின்னாடி ஓட முடியாது.

கம்மா நிறைஞ்சா நெலம் இருக்குறவனுக்குத்தான் லாபம். காலனியில இருக்குற எங்களுக்கு என்ன?

இந்தக் கேள்விய என்கிட்ட முதல்ல கேட்டது ஒரு நீர்பாய்ச்சி. மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணி பிரிச்சு விடுறவர். அவருக்கு ஆயக்கட்டுல ஒரு செண்டு கெடையாது, கூலி அறுவடையில கொஞ்சம் நெல்லு, அதுவும் குடுத்தா உண்டு. "கம்மா சங்கத்துல நான் இருக்கலாமா சார்"னு கேட்டாரு. எங்க விதிமுறைப்படி ஆயக்கட்டுல நெலம் இருக்குறவங்கதான் உறுப்பினர். யாரு எழுதுன விதி? நாங்கதான். வெக்கமா போச்சு.

கம்மா வேலைய மட்டும் பண்ணிட்டுப் போற ட்ரஸ்ட், நெலம் இருக்குறவனுக்கு இன்னும் கொஞ்சம் குடுத்துட்டுப் போகுது, அவ்வளவுதான், இத நான் ஒளிச்சுப் பேச விரும்பல. சில வழி இருக்கு. சங்கத்துல நெலமில்லாதவங்களுக்கும் உறுப்பினர் உரிமை, நீர்பாய்ச்சி கூலிய சங்கமே வசூல் பண்ணிக் குடுக்குறது, மீன்பாசி ஏலத்துல வர்ற காசுல ஒரு பங்கு நெலமில்லாத குடும்பங்களுக்கு, இல்ல ஏலமே அவங்க குழுவுக்கு (இது எந்தக் கம்மா, யாருக்கு மீன் உரிமைங்கறதப் பொறுத்து மாறும், முதல்ல விசாரிங்க). கரையில பனை, உள்வாயில புல்லு, அந்தப் பாத்தியதையும் பேசலாம். குடிதண்ணி ஊரணின்னா முதல்ல காலனி பக்கத்து ஊரணிய எடுக்கச் சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல இத வரிசையில மூணாவதா வச்சிருந்தாங்க, மாத்த வைக்க ஒரு வருஷம் ஆச்சு. எல்லா ஊர்லயும் நடந்துச்சான்னா இல்ல. ரெண்டு ஊர்ல "இதெல்லாம் பேசுனா கெளம்புங்க"ன்னு நேராவே சொன்னாங்க, ஒண்ணுல கெளம்பினோம்.

வாரா வாரம் வர்ற மைக்ரோ பைனான்ஸும் மகளிர் குழுதானே? ட்ரஸ்ட் குழுவுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ரெண்டுலயும் பத்து இருபது பொம்பளைங்க வட்டமா உக்காருவாங்க, ஒத்துமை அதோட முடிஞ்சுது. மைக்ரோ பைனான்ஸ்ல காசு வெளிய இருந்து வருது, வட்டி வெளிய போகுது, குழுங்கறது ஒருத்தி கட்டலைன்னா மத்தவங்க நெருக்கறதுக்கான ஏற்பாடு. சுயஉதவிக் குழுவுல முதல்ல உங்க சேமிப்பு, அதுல இருந்து உங்களுக்குள்ள கடன், அந்த வட்டி உங்க பொதுநிதிக்கே திரும்புது.

கணக்கு பாருங்க. 10,000 ரூபாய 10 வட்டிக்கு வெளிய வாங்குனா மாசம் 1,000 ரூபா வட்டி மட்டும், அசல் அப்படியே நிக்கும். குழுவுல 2 வட்டின்னா மாசம் 200, அந்த 200ம் நீங்களும் சேர்ந்து வச்சிருக்குற பொட்டியிலதான் விழுது. சேமிப்பு, உள்கடன், கூட்டம், நோட்டு எல்லாம் ஒழுங்கா ஒரு ஆறு மாசம் நடந்தா பேங்க்ல கடன் கேக்கலாம். குழுக் கடன் 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. மேனேஜர் குழு சேமிப்ப புடிச்சு வச்சுக்குவேன்னு சொன்னா அந்த விதிய எடுத்துக் காட்டுங்க, நாங்க ஜெராக்ஸ் எடுத்தே கையில குடுத்து விடுவோம்.

தமிழ்நாட்டுல இது 1989ல தர்மபுரியில ஆரம்பிச்சது, நபார்டுங்கற ஊரக வளர்ச்சி வங்கி 1992ல குழுவையும் பேங்கையும் இணைக்கிற திட்டத்த 500 குழுவோட சோதனையா தொடங்குச்சு. மதுரைப் பக்கம் களஞ்சியம்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், அது தானம் அறக்கட்டளை வளர்த்த குழு. அதுல வந்தவங்கதான் அழகர்கோவில் பக்கத்து பில்லுசேரி சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடமே போகாத விவசாயக் கூலி, நடவுக்கும் அறுப்புக்கும் ஆளு சேர்த்துக் கூட்டிட்டுப் போற கொத்துக்காரம்மா. 2001ல டெல்லியில ஸ்த்ரீ சக்தி விருது குடுக்குறப்ப பிரதமர் வாஜ்பாய் அவங்க கால்ல விழுந்து வணங்குன போட்டோவ பாத்திருப்பீங்க, 2019ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. எல்லாரும் அந்த போட்டோவத்தான் பேசுறாங்க. என்னைக் கேட்டா போட்டோவுக்கு முந்துன பத்து வருஷத்தப் பேசணும். ராத்திரி கூலி வேலை முடிஞ்சு வந்து, அரிக்கேன் வெளிச்சத்துல இருபது பேர்கிட்ட சேமிப்பு வாங்கி, யாரு கட்டலைன்னு நேருக்கு நேரா கேக்குறது எவ்வளவு சங்கடமான வேலைன்னு குழுவுல இருந்தவங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி, தண்ணி எடுக்குற எடத்துல நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்.

இப்ப உள்ள பிரச்சனை என்னன்னா ஒரே அக்கா மூணு மைக்ரோ பைனான்ஸ்லயும் இருக்காங்க, குழுவுலயும் இருக்காங்க. குழுக் கடன எடுத்து கம்பெனி தவணை கட்டுறாங்க. இதத் திட்டுறதுல அர்த்தமில்ல, செவ்வாக்கிழமை காலையில வாசல்ல வந்து நிக்கிறவனுக்குத்தான் முதல்ல காசு போகும். குழுக் கூட்டத்துல யாருக்கு வெளிக்கடன் எவ்வளவுன்னு வெளிப்படையா பேசுற பழக்கம் இருந்தா கொஞ்சம் சமாளிக்கலாம். பேச வைக்கறதுதான் கஷ்டம்.

நோட்டு எழுத ட்ரஸ்ட்ல இருந்தே ஆள் வருது, நல்லதுதானே?

முதல் வருஷம் நல்லது. மூணாவது வருஷமும் அவரே எழுதுறாருன்னா உங்க குழு உங்களது இல்ல. படிச்ச பொண்ணு ஒருத்தி ஊர்ல இருப்பா, மாசம் ஏதோ ஒரு தொகை குழுவே குடுத்து எழுத வைங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நெறைய இருந்தா கூட்ட முடிவுல கணக்க சத்தமா வாசிக்கணும். எங்க குழு ஒண்ணுல கைநாட்டு வைக்கிற ஒரு ஆத்தா வாசிச்சதக் கேட்டே 340 ரூபா விடுபட்டத புடிச்சாங்க, மனசுலயே எல்லாத்தையும் வச்சிருந்தாங்க. எங்க அக்கவுண்டன்ட் அதுல கையெழுத்துப் போட்டு முடிச்சிருந்தாரு.

வீட்டுக்காரர் கூட்டத்துக்கு விட மாட்டேங்குறாரு.

பேங்க் கடன் வந்தா விடுவாரு. கிண்டலா சொல்லல, அப்படித்தான் நடக்குது. அதுக்கப்புறம் அந்தக் கடன் அவர் கைக்கு மொத்தமா போகாம பாத்துக்கறது அடுத்த சண்டை.

பஞ்சாயத்துத் தலைவர் ஒத்துக்கலைன்னா ட்ரஸ்ட் வேலை நடக்குமா?

கம்மா, ஊரணி, ரோடு, பள்ளிக்கூடம்னா நடக்காது, அது பொது எடம். நடக்கவும் கூடாதுன்னு நினைக்கிறேன், ஏன்னா தலைவர ஊரு தேர்ந்தெடுத்துச்சு, ட்ரஸ்ட யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல. சரியான வழி கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோட மார்ச் 22 தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம்னு வருஷத்துக்கு ஆறு கூட்டம் இருக்கு. அங்க தீர்மானம் போட்டு, நம்பரோட நகல் வாங்கி வச்சுக்கோங்க. தலைவர் மாறுனாலும் அந்தத் தீர்மானம் பேசும்.

தலைவர் பொம்பளையா இருந்து வீட்டுக்காரர் நாற்காலியில உக்காந்திருக்குறது இன்னும் பல ஊர்ல இருக்கு. அங்க நாங்க ஒண்ணு பண்ணுவோம், திட்டப் பேச்ச குழுக் கூட்டத்துல வச்சுக்குவோம், குழு உறுப்பினரா அந்தம்மா வருவாங்க, அவரு உள்ள வர முடியாது.

சிஎஸ்ஆர் காசு நெறைய கொட்டுதாமே, எங்க ஊருக்கு ஏன் வரல?

சிஎஸ்ஆர்னா கம்பெனிங்க சமூகப் பொறுப்புன்னு செலவு பண்ண வேண்டிய காசு. 500 கோடி சொத்து மதிப்பு, இல்ல 1,000 கோடி வியாபாரம், இல்ல 5 கோடி நிகர லாபம், இதுல ஏதாவது ஒண்ணு இருக்குற கம்பெனி முந்துன மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும், 2014 ஏப்ரல்ல இருந்து சட்டம். ஆனா கம்பெனி இருக்குற பகுதிக்கு முன்னுரிமைன்னு அதுலயே இருக்கு. அதனால ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து ஊருக்கு வர்றது ராம்நாடு பக்கத்து கமுதிக்கு வராது. அப்புறம் அவங்க வருஷம் மார்ச்ல முடியுது, எங்களுக்கு ஜனவரியில போன் வரும், "ரெண்டு மாசத்துல முடியுற மாதிரி ஏதாவது இருக்கா"ன்னு. ரெண்டு மாசத்துல கழிப்பறை கட்டலாம், பெஞ்சு டெஸ்க் வாங்கலாம், சோலார் லைட் நடலாம். வரத்துக்கால் ஆக்கிரமிப்பு பேசி முடிக்க முடியுமா? நம்ம ஊர்கள்ல பெயிண்ட் அடிச்ச பள்ளிக்கூடச் சுவர் அதிகமா இருக்குறதுக்கு இந்த மார்ச் மாசமும் ஒரு காரணம். மூணு வருஷத் திட்டமாவும் குடுக்கலாம், சட்டம் தடுக்கல, அப்படிக் குடுத்த கம்பெனியும் உண்டு, குறைவு.

வெளிநாட்டுக் காசுன்னா பயமா இருக்கு, ஏதாவது சிக்கல் வருமா?

உங்களுக்கு வராது, ட்ரஸ்டுக்குத்தான் விதி. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்கணும், காசு முதல்ல டெல்லியில ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குலதான் விழணும், 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, இன்னொரு ட்ரஸ்டுக்கு கை மாத்தவும் கூடாது. இந்தக் கடைசி விதியில எங்கள மாதிரி சின்ன ஆபீஸ் பல மூடிருச்சு, பெரிய இடத்துல வாங்கி சின்ன இடத்துக்கு பிரிச்சுக் குடுக்குற வழி நின்னு போச்சு.

சேவைன்னு சொல்லிட்டு சம்பளம் வாங்குறாங்களே?

வாங்குனேன். பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்ல.

ஏமாத்துற ட்ரஸ்ட எப்படிக் கண்டுபிடிக்கறது?

பத்திர நகல், பான் கார்டு, நிதி ஆயோக்கோட தர்பண் (என்ஜிஓங்க பதியுற அரசு இணையதளம்) பதிவு நம்பர், போன வருஷ தணிக்கை அறிக்கை, இவ்வளவும் கேளுங்க. நன்கொடை குடுக்குறவங்க 80ஜி (குடுக்குறவங்களுக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கிற பதிவு) இருக்கான்னு பாருங்க, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்த வரிச்சலுகை கெடையாது, அதனால ரொக்கமா மட்டும்தான் வாங்குவோம்னு ஒருத்தர் சொன்னா யோசிங்க. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், வெத்துக் காகிதத்துல கையெழுத்து, இதையெல்லாம் எதுக்குன்னு சொல்லாம வாங்குனா குடுக்காதீங்க. "வீடு கட்டித் தர்றோம், முன்பணம் 5,000 கட்டுங்க"ன்னு வர்றது திருட்டு, அத பங்குத்தொகைன்னு குழப்பிக்காதீங்க. பங்குத்தொகை உங்க சங்கத்து பேங்க் கணக்குல உங்க ஆளு ரெண்டு பேர் கையெழுத்துல கிடக்கும், ட்ரஸ்ட்காரன் பாக்கெட்டுக்கு வராது.

காகிதம் எல்லாம் சரியா இருந்தும் உபயோகமில்லாத ட்ரஸ்டும் இருக்கு. அதுக்கு ஒரு வழி, அவங்க அஞ்சு வருஷம் முன்னாடி வேலை பாத்து முடிச்ச ஒரு ஊர் பேரக் கேளுங்க. பஸ் ஏறிப் போங்க. அவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க.

நாங்க அஞ்சு பசங்க சேர்ந்து ட்ரஸ்ட் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், பேரு கூட வச்சாச்சு.

பேரு வச்சது போதும் தம்பி, பதிவ தள்ளிப் போடுங்க. பதிஞ்சா ஆடிட்டர் செலவு, வருமான வரித் தாக்கல், வருஷா வருஷம் தலைவலி. ஒரு வருஷம் பதியாம ஒரே ஒரு வேலை பண்ணிப் பாருங்க, உங்க ஊர் ஊரணி ஒண்ணு, இல்ல பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு சாயங்கால டியூஷன். அஞ்சு பேர்ல எத்தனை பேரு பன்னிரெண்டாவது மாசமும் வர்றீங்கன்னு பாத்துட்டு அப்புறம் சார்பதிவாளர் ஆபீஸ் போகலாம். நெறைய ட்ரஸ்ட் உடையறது கணக்குலதான், அதுவும் திருட்டுனால இல்ல, ஒருத்தன் கைக்காசு போட்டுட்டு பில்லு வைக்காம விட்டுருவான், ஆறு மாசம் கழிச்சு யாரு எவ்வளவு போட்டாங்கன்னு பேச்சு வரும்.

எத்தனை வருஷம் இருப்பாங்க? அவங்க போனா என்னாகும்?

நாங்க ஒரு ஊர்ல அஞ்சுல இருந்து ஏழு வருஷம்னு கணக்கு வைப்போம். போன பிறகு நான் திரும்பிப் போய்ப் பாத்ததுல, குழுவுல பாதி நடக்குது, கம்மாச் சங்கத்துல பாதிக்கும் கீழ. நின்னு போன கம்மாச் சங்கத்துக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதை, வருஷ வசூல் நின்னிருக்கும். ரெண்டு மூணு வருஷம் மழை நல்லா பெஞ்சா "இப்ப எதுக்கு வசூலு"ன்னு விட்டுருவாங்க, அடுத்த வறட்சியில மடைக்கதவு துருப்பிடிச்சு நிக்கும். நடக்குற சங்கத்துல மீன் காசோ, மர ஏலக் காசோ, ஏதோ ஒண்ணு ட்ரஸ்ட் போன பிறகும் வந்துட்டே இருக்கு, அதுக்கு நோட்டு இருக்கு, நோட்டு மேல ஒரு சண்டையும் இருக்கு. சண்டை நடக்குற சங்கத்தப் பாத்து நான் இப்பல்லாம் பயப்படறதில்ல.

சரி, முதல் கூட்டம் போடப் போறோம். எங்க, எப்படி வைக்கறது?

கோயில் வேண்டாம், சில பேரு உள்ள வர யோசிப்பாங்க, சில பேர வர விடவும் மாட்டாங்க. தலைவர் வீடும் வேண்டாம். பள்ளிக்கூட மைதானமோ பால் சொசைட்டி முன்னாடியோ, ரெண்டு தெரு ஆளும் தயங்காம வந்து உக்கார்ற எடமா பாருங்க. நாற்காலி போடாதீங்க, போட்டா யாருக்கு நாற்காலிங்கற பிரச்சனை வந்துரும், எல்லாருக்கும் பாய். நேரம் ராத்திரி ஏழரை, அதுக்கு முன்னாடி பொம்பளைங்க அடுப்படியில இருப்பாங்க, ஒன்பதரைக்கு மேல ஆம்பளைங்க சில பேரு நிதானத்துல இருக்க மாட்டாங்க. ட்ரஸ்ட்காரங்க பேசுறது பத்து நிமிஷத்துக்கு மேல போனா நடுவுல எந்திரிச்சு கேள்வி கேளுங்க.

டீ செலவ ட்ரஸ்ட் குடுக்குறேன்னு சொல்லும். வேண்டாம்னுருங்க, வீட்டுக்கு அஞ்சு ரூபா வாங்கி ஒரு நோட்டுல முதல் வரவா எழுதிருங்க. பாலுக்கு மட்டும் மத்தியானமே சொல்லி வச்சிருங்க, ஏழு மணிக்கு மேல எங்க பக்கம் கடையில பாக்கெட் பால் கூட இருக்காது.